சேரமான் போன வழி

ஆடி சுவாதியன்று அம்மாயியைக் கூட்டிக்கொண்டு திருமுருகன்பூண்டிக்குப் போயிருந்தேன். வழியெல்லாம் சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம்.

அன்று சுந்தரருக்கும் அவருடைய சினேகிதரான சேர அரசர் சேரமான் பெருமாள் நாயனாருக்கும் குருபூசை. சேரமான் கொடுத்தனுப்பிய பொன்னைப் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி ஈசன் பறித்துக்கொண்ட ஊர் இது. பறிகொடுத்து வாடிய சுந்தரரும் திரும்பக் கிடைத்து முகம் மலர்ந்த சுந்தரரும் இங்கே சிற்பமாக நிற்கிறார்கள். வாடிய முகத்தின் முன்னால் அம்மாயி நின்றுவிட்டார்.

"பொன்னு குடுத்த ராசா கடைசீல என்ன ஆனாரு கண்ணு?"

"கைலாயம் போயிட்டாருங்கம்மாயி."

சொல்லிவிட்டேன். ஆனால் படித்ததெல்லாம் மனசுக்குள் ஓடியது. பெரியபுராணத்தில், சுந்தரர் வெள்ளை யானையில் போவதை அறிந்த சேரமான் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, வான்வழியே உடன் போகிறார். கண்ணுக்கு மறைந்த அரசரைப் பிரிய முடியாத வீரர்கள் உடைவாளான சுரிகையை உருவித் தம் உடம்பையே வீழ்த்துகிறார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கேரளத்தின் பழங்கதைகளைச் சொல்லும் கேரளோற்பத்தி நூலின் சேரமான் பெருமாளோ நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மக்காவுக்குக் கப்பலேறி, அரபு மண்ணில் கண் மூடுகிறார். கேரளத்துக் கொடுங்கல்லூரில் திருவஞ்சைக்களம் சிவன் கோயிலும் இருக்கிறது, சேரமான் பெயரில் பள்ளிவாசலும் இருக்கிறது. வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன், நாயனாரை 9ஆம் நூற்றாண்டு ராஜசேகரன் என்றும், மக்கா கதையின் கடைசிப் பெருமாளை 12ஆம் நூற்றாண்டு ராம குலசேகரன் என்றும் கொள்கிறார். சேரமான் பெருமாள் என்பது பட்டம்தானே, ஒருவர் கதை இன்னொருவர் மேல் ஏறியிருக்கலாம். எனக்கு இதுதான் மனசுக்குப் படுகிறது.

எந்தக் கதையிலும் அவரை யாரும் விரட்டவில்லை. அரியணையை அவரேதான் விட்டுப் போகிறார். என் நாயனார் அப்படிப் போகக்கூடியவர்தான். பூசையில் அன்றாடம் கேட்கும் நடராசரின் சிலம்பொலி ஒருநாள் கேட்கத் தாமதமானதற்கே உடைவாளைத் தன் மார்பில் நாட்டப் போனவர். உவர்மண் படிந்து வெளுத்த வண்ணாரின் மேனியைத் திருநீறு பூசிய மேனியாகக் கண்டு, யானையை விட்டு இறங்கிக் கும்பிட்டவர்.

சுந்தரர் அவரைப் பார்க்கக் கடைசியாகப் போனதும் நம் அவிநாசி வழியாகத்தான். முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டது அந்தப் பயணத்தில்தான். அதையும் அம்மாயிக்குச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து, வாடிய முகத்துக்காரரின் காலடியில் வைத்தார்.

"சினேகிதரப் பாக்கப் போவோணுமல்லொ. வழிச்செலவுக்கு வெச்சுக்க சாமி."