சம்மன் சபையிடம், தண்டனை நீதிமன்றத்திடம்

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, ஓர் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதற்கு இருந்தே ஆக வேண்டும். ஒரு வங்கி ஏன் மூழ்கியது, ஒரு பாலம் ஏன் இடிந்தது என்று தெரியாமல், அது மறுபடி நடக்காதபடி சட்டம் எழுத முடியாது. உண்மை தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதைச் சொல்ல மனம் இருக்காது. மனமுவந்து வருகிறவர்களை மட்டும் கேட்டு எழுதினால், வந்தவர்களுக்குச் சாதகமான சட்டம்தான் கிடைக்கும்.

ஆனால் ‘கட்டாயப்படுத்துவது’ என்ற சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. நேரில் வரச் சொல்வது, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வது, உறுதிமொழி வாங்கிக்கொண்டு பதில் சொல்ல வைப்பது, மறுத்தால் தண்டிப்பது. முதல் மூன்றும் சபையிடம் இருக்க வேண்டும். நான்காவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக்கொண்டு பேசுவதால்தான் ‘சபையின் மாண்பு’, ‘தனிமனித உரிமை’ என்று விவாதம் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

அதிகாரமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே மக்கள் சபையின் குழுக்கள் யாரையும் அழைக்கலாம், எந்த ஆவணத்தையும் கேட்கலாம். வராவிட்டால்? சபை கடைசியாக அபராதம் விதித்தது 1666-இல். கடைசியாக ஒருவரைச் சிறைவைத்தது 1880-இல். பொய்ச் செய்திகளைப் பற்றி விசாரித்த குழு, பிரெக்ஸிட் பிரசாரத்தை நடத்திய டொமினிக் கம்மிங்ஸை அழைத்தது, அவர் வரவில்லை. 2019-இல் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவர் பிரதமரின் தலைமை ஆலோசகர் ஆனார். மானத்துக்கு அஞ்சுகிறவர்கள் வருவார்கள், அஞ்சாதவர்கள் வரமாட்டார்கள் என்றால் அந்தச் சம்மன் வெறுங்கையால் முழம் போடுகிற கதைதான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1927-இலேயே தீர்ந்தது. நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலாக இருந்த ஹாரி டாஹர்ட்டியின் துறையை செனட் விசாரித்தபோது, ஒஹாயோவில் வங்கித் தலைவராக இருந்த அவருடைய தம்பி மாலி டாஹர்ட்டிக்குச் சம்மன் போனது. வங்கிக் கணக்குகளோடு வரச் சொன்னார்கள், அவர் வரவில்லை. செனட் தன் காவல் அதிகாரியை அனுப்பிக் கைது செய்தது, கீழ் நீதிமன்றம் விடுவித்தது. விசாரிக்கும் அதிகாரமும் அதை நிறைவேற்றும் வழியும் சட்டம் இயற்றும் வேலைக்கு இன்றியமையாதவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924-இல் அனுப்பிய சம்மனுக்கு அந்தத் தீர்ப்பு வர ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதிகாரம் கட்டுக்கடங்காமல் போன கதையும் அதே நாட்டில்தான் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளைத் தேடிய பிரதிநிதிகள் சபைக் குழு ஆட்களைக் கூப்பிட்டு, கூடப் பழகியவர்களின் பெயரைச் சொல் என்று நெருக்கியது. சொல்ல மறுத்த ஹாலிவுட் எழுத்தாளர்கள், இயக்குநர்கள் 10 பேர் சிறைக்குப் போனார்கள். ஜான் வாட்கின்ஸ் என்ற தொழிற்சங்கக்காரர் தன்னைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கட்சியை விட்டு எப்போதோ விலகிவிட்டவர்களின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன் என்றார். 1957-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. குழு எதை விசாரிக்கிறது என்றே தெளிவாகச் சொல்லாதபோது, கேட்ட கேள்வி விசாரணைக்குப் பொருந்துமா என்று சாட்சி எப்படித் தீர்மானிப்பார் என்பதுதான் அதன் சாரம். இரண்டே ஆண்டில், அதே குழுவிடம் பதில் சொல்ல மறுத்த பேரன்பிளாட்டின் தண்டனையை 5-க்கு 4 என்று நீதிமன்றம் உறுதிசெய்தது, காற்று திரும்பியது. ஆகவே நீதிமன்றம் காப்பாற்றும் என்று மட்டும் நம்பி இருக்க முடியாது. காப்பு சம்மனிலேயே, நடைமுறையிலேயே இருக்க வேண்டும்.

நல்ல சம்மன் எப்படி இருக்கும்? குழுவை அமைத்த தீர்மானத்தின் எண்ணும் தேதியும், விசாரணைப் பொருள் இரண்டு மூன்று வரியில், இந்த ஆளை எதற்காக அழைக்கிறோம் என்று ஒரு வரி, வேண்டிய ஆவணங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற வரம்பு, அவகாசம், வழக்கறிஞரைக் கூட்டிவரலாம் என்ற குறிப்பு, மறுத்தால் எந்தச் சட்டப்பிரிவின்கீழ் என்ன நடக்கும் என்ற எச்சரிக்கை. ‘தொடர்புடைய அனைத்து ஆவணங்களும்’ என்று எழுதுவது மிகப் பெரிய பிழை. கொடுக்க விரும்பாதவர் லட்சம் பக்கத்தைக் கொட்டி அதற்குள் ஊசியை ஒளித்துவிடுவார், அல்லது வரம்பே இல்லை என்று நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிடுவார்.

விசாரணை அறையில் வழக்கு கெட்டுப்போகும் இடங்கள் சின்னச் சின்னவை. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஹரோல்டு கிறிஸ்டோஃபெல் குழு முன் பொய் சொன்னார் என்று தண்டிக்கப்பட்டவர். 1949-இல் அந்தத் தண்டனை நிற்கவில்லை. காரணம் ‘கோரம்’, அதாவது கூட்டம் செல்லுபடியாக இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. கூட்டம் தொடங்கும்போது போதிய உறுப்பினர்கள் இருந்தார்கள், அவர் அந்தப் பதிலைச் சொன்ன நேரத்தில் இருந்தார்களா என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. தேநீருக்கு எழுந்து போகிற உறுப்பினரைக்கூட நேரத்தோடு குறித்துவைக்கும் எழுத்தர் குழுவுக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு இடம், சாட்சி பதில் சொல்ல மறுக்கும் நிமிடம். குழுத் தலைவர் முகம் சுளித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டால் அந்த மறுப்புக்குத் தண்டனை கிடையாது. 1955-இல் குவின் வழக்கில் அப்படித்தான் ஆனது. மறுப்பின் காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், கேள்வி விசாரணைக்கு ஏன் பொருந்துகிறது என்று விளக்க வேண்டும், ‘உங்கள் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை, பதில் சொல்லுங்கள்’ என்று தெளிவாக உத்தரவிட வேண்டும். அதன் பிறகும் மறுத்தால்தான் குற்றம். இந்த மூன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். சாட்சிக்கும் இது நியாயம், ஏனென்றால் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தகவல் கட்டாயம் வேண்டுமென்றால், அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தமாட்டோம் என்ற பாதுகாப்பைத் தந்துவிட்டுக் கேட்கலாம். அதற்கு விலை உண்டு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்–கான்ட்ரா விவகாரத்தில், வெள்ளை மாளிகை அதிகாரியாக இருந்த ஆலிவர் நார்த் 1987-இல் அப்படிப் பாதுகாப்போடு தொலைக்காட்சி முன் சாட்சி சொன்னார். அரசு வழக்கறிஞர்கள் அதைப் பார்க்காமல் ஒதுங்கியிருந்து, தங்கள் ஆதாரங்களை முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்தார்கள். ஆனால் வழக்கின் சாட்சிகள் டிவி பார்த்திருந்தார்கள், அவர் சொன்னது அவர்களுடைய சாட்சியத்தில் கலந்திருக்கலாம். 1990-இல் மேல்முறையீட்டில் தண்டனை கலைந்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு குழு இந்தப் பாதுகாப்பைத் தர மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்ப வேண்டும், அட்டர்னி ஜெனரலுக்கு 10 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். இந்த இரண்டும் எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்க வேண்டிய பூட்டுகள்.

இனித் தாமதம். 2019 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் முன்னாள் சட்ட ஆலோசகர் டான் மெக்கானுக்குச் சம்மன் போனது. அவர் பேசியது 2021 ஜூனில், மூடிய அறையில். 2021 ஜனவரி 6-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதை விசாரித்த குழுவிடமிருந்து அதே ஆண்டில் சம்மன் பெற்ற, டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2024-இல் 4 மாதம் சிறையில் இருந்தார். அதற்குள் அவரை அழைத்த குழுவே கலைந்துவிட்டது. தண்டனை கிடைத்தது, சாட்சியம் கிடைக்கவில்லை. ஆகவே தண்டிப்பதை மட்டும் நீதிமன்றத்திடம் கொடுத்தால் போதாது. சபையின் சொந்த வழக்கறிஞர் நேராக நீதிபதியிடம் போக வேண்டும், நாள் குறித்து, 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும், பேசும் வரை நாளுக்கு நாள் ஏறும் அபராதம் முதல் கருவியாக இருக்க வேண்டும். விசாரிக்கப்படும் அரசின் துறையே வழக்குப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஏற்பாடு எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

இந்தியாவில் நிலைமை வேறு விதமாகக் குழப்பம். மக்களவை விதிகள் 269, 270 சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரத்தைக் குழுக்களுக்குத் தருகின்றன. பாதுகாப்புக்கோ நாட்டின் நலனுக்கோ கேடு என்று சொல்லி அரசு ஆவணம் தர மறுக்கவும் அதே விதி இடம் தருகிறது. ‘நலன்’ என்ற சொல்லுக்குள் எதைத்தான் நுழைக்க முடியாது? அரசியலமைப்பின் 105, 194 பிரிவுகள் சபை உரிமைகளைச் சட்டத்தால் வரையறுக்கலாம் என்கின்றன. இன்றுவரை முழுமையாக வரையறுக்கவில்லை. வராத சாட்சிக்கு அதிகபட்சம் என்ன தண்டனை என்று அவருக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறது: 6 மாதச் சிறை, தனிநபருக்கு 5,000 டாலர், நிறுவனத்துக்கு 25,000 டாலர். சாட்சி சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவதும் அங்கே குற்றம்.

2020 டெல்லி கலவரம் பற்றி விசாரித்த டெல்லி சட்டமன்றக் குழு பேஸ்புக் இந்தியாவின் தலைவரை அழைத்தபோது, குழுத் தலைவர் முன்னதாகவே செய்தியாளர்களிடம் அந்த நிறுவனத்தைக் குற்றவாளிகளோடு சேர்க்க வேண்டும் என்கிற பாணியில் பேசிவிட்டார். பழைய சம்மன்களைத் திரும்பப் பெற்று 2021-இல் புதிதாக அனுப்ப வேண்டியதாயிற்று. சபைக்கு வெளியே இருப்பவரையும் அழைக்கலாம், ஆனால் டெல்லி சட்டமன்றத்தின் வரம்புக்குள் வராத காவல், சட்டம் ஒழுங்கு பற்றிய கேள்விகளுக்கு அவர் பதில் தராமல் இருக்கலாம், குழு வழக்குத் தொடுக்கும் அமைப்பு போல நடக்கக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிதானமான தீர்ப்பு. மைக்கைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லும் தலைவரால் ஒரு நல்ல விசாரணை எப்படி நொண்டியாகிறது என்பதையும் அது காட்டியது.

கூப்பிட்டும் வராதவர்களைப் பற்றியே பேசுகிறோம். வர விரும்பியும் கூப்பிடப்படாதவர்கள் இருக்கிறார்கள். 2ஜி அலைக்கற்றை பற்றி விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் நேரில் சாட்சி சொல்ல ஆ. ராசா விருப்பம் தெரிவித்தார், அழைக்கப்படவில்லை, எழுத்துமூலப் பதிலோடு முடிந்தது. சம்மன் அதிகாரம் முழுவதும் பெரும்பான்மையிடம் இருந்தால், தனக்கு வசதியான சாட்சியை மட்டும் அது அழைக்கும். ஜெர்மனி இதற்கு வழி கண்டிருக்கிறது. அங்கே உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கேட்டாலே விசாரணைக் குழு அமைத்தாக வேண்டும், குழுவுக்குள்ளும் நான்கில் ஒரு பங்கினர் கேட்கும் சாட்சியத்தைப் பதிவு செய்தாக வேண்டும். காரணமின்றி வராத சாட்சிக்கு 10,000 யூரோ வரை அபராதம். பேச மறுப்பவரைப் பேசும் வரை அடைத்துவைக்கலாம், அதிகபட்சம் 6 மாதம். ஆனால் அதற்கு உத்தரவிட வேண்டியவர் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. குழு அவரிடம் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.