தவறணையடி வளவு

எங்கள் அப்பம்மா தன் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, அடுப்பில் இருந்த உலையைக்கூட இறக்காமல் அவர் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பெட்டியைத்தான். அதற்குள் இருந்தவை காணி உறுதிகள். அவர் காலமான பின்னர் பெட்டி அவருடைய மகளான மாமியிடம் இருந்தது. சென்ற ஆண்டு மாமி அதை எனக்குத் திறந்து காட்டியபோது, அப்பம்மாவின் தாயாருக்கு எழுதப்பட்ட சீதன உறுதி ஒன்றில் நாலு பரப்புக் காணியின் எல்லைகள் விவரிக்கப்பட்டிருந்த இடத்தில் என் கண் நின்றது. கிழக்கில் ஒழுங்கை, வடக்கில் பனைவடலி, மேற்கில் "தவறணை வளவு" என்று நொத்தாரிசின் சாய்ந்த கையெழுத்து தெளிவாகச் சொன்னது.

மாமி உறுதியை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "உன்ர பூட்டன் கமம் செய்தவர். வேறை ஒண்டும் இல்லை," என்றார். அப்பம்மாவின் தகப்பனாரான என் பூட்டன் பயிர் செய்து பிழைத்தவர் என்பதே அதன் பொருள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேளாத கேள்விக்கு வந்த அந்த மறுமொழியே என்னைப் பயணப்பட வைத்தது.

தவறணை என்ற சொல் போர்த்துக்கேயரின் 'தவெர்னா'விலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் கள்ளுக்கடை என்பதை யாழ்ப்பாணத்தில் இன்றும் தவறணை என்றே சொல்கிறோம். ஆனால் "அவர் தவறணை வைத்திருந்தவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது மூன்று வெவ்வேறு மனிதர்களைக் குறிக்கலாம் என்பதை இந்தத் தேடலில் இறங்கிய பின்னரே நான் உணர்ந்தேன். கச்சேரி எனப்படும் அரசாங்க அதிபர் அலுவலகத்தில் நடந்த ஏலத்தில் பணம் கட்டி விற்பனை உரிமையை எடுத்த குத்தகைக்காரர் ஒருவர்; அவருக்காகக் கொட்டிலில் இருந்து அளந்து ஊற்றிக் காசு வாங்கியவர் இன்னொருவர்; மரத்தில் ஏறிப் பாளை சீவி, முட்டி எனப்படும் கள்ளுப் பானையை இறக்கியவர் மூன்றாமவர். முதலாமவர் ஊரில் பெரிய மனிதர். மூன்றாமவரோ அந்த ஊர்க் கோயிலுக்குள்ளேயே கால் வைக்க முடியாதவர். என் பூட்டன் இவர்களில் யார் என்பதே எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனேன். இலங்கை அரசாங்க வர்த்தமானி 1802ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. சாராயம், கள்ளு ஆகியவற்றை விற்கும் உரிமை பிரித்தானியர் காலத்தில் குத்தகைக்கு விடப்பட்டதால், அதற்கான அறிவித்தல்கள் அதில் வெளியாகின. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் இந்த ஒழுங்குகள் மாறின. கள்ளுத் தவறணைகள் புதிதாகத் திறக்கப்படுவதை எதிர்த்துத் தெற்கில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில்தான், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட சேனநாயக்க சகோதரர்கள் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். தடித்த தொகுதிகளின் பழுத்த தாள்களை மூன்று நாள்கள் புரட்டினேன். வட மாகாணத்துக்கான அறிவித்தல்களில் ஊர்ப் பெயர்களும் நிபந்தனைகளும் இருந்தன. ஏலத்தை யார் எடுத்தார்கள் என்பதை நான் பார்த்த பக்கங்கள் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது வருமானம். என் பூட்டனைப் போன்றவர்களின் பெயர் அந்தத் தாள்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் மாலையில் அது என்னை மிகவும் சோர்வடையச் செய்தது.

கோட்டை நிலையத்திலிருந்து யாழ்தேவியில் புறப்பட்டேன். 1956இல் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கான பாதை அறுந்து, 2014இல் மறுபடியும் அங்கே போய்ச் சேர்ந்த புகையிரதம் அது. ஆனையிறவைத் தாண்டிய பின் சாளரத்துக்கு வெளியே பனைகள் பெருகத் தொடங்கியபோது, இவற்றில் எத்தனை மரங்களுக்கு வரி கட்டியிருப்பார்கள், எத்தனை மரங்களில் யார் யார் ஏறியிருப்பார்கள் என்று என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாண நகரில் பழைய பூங்காவுக்குள் இருக்கும் பழைய கச்சேரிக் கட்டடத்தைப் பார்க்கவென்றே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினேன். டைக் 1829 முதல் 1867 வரையும், துவைனம் 1869 முதல் 1896 வரையும் அரசாங்க அதிபர்களாக இருந்து வடக்கை ஆண்ட வளாகம் அது. போரில் சிதைந்து கூரையிழந்த சுவர்களுக்கிடையே ஆலும் அரசும் வேர்விட்டிருக்கின்றன. குத்தகை ஏலம் கூறப்பட்டது கச்சேரியில்தான். தலைப்பாகையும் சால்வையுமாகப் பணமுள்ளவர்கள் கூடி நின்று விலையை ஏற்றிய ஒரு காலையை அந்தச் சுவர்களுக்குள் நினைத்துப் பார்க்க முயன்றேன். அந்தக் கூட்டத்தில் என் பூட்டனை என்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை. நாலு பரப்புச் சீதனத்தோடு மணம் முடித்த ஒருவர் அங்கே நின்றிருக்க மாட்டார் என்றே என் மனம் சொன்னது.

காணிப் பதிவகத்தில்தான் முதல் உறுதியான தடயம் கிடைத்தது. சீதனக் காணியின் மேற்கெல்லையில் உள்ள வளவுக்கான பதிவுப் பக்கங்களை எடுப்பித்துப் பார்த்தபோது, அதன் சொந்தக்காரர் எங்கள் குடும்பத்தைச் சேராத வேறொருவர் என்பது தெரிந்தது. அதே பக்கத்தின் நடுவில், அந்த வளவு என் பூட்டனுக்கு மூன்று வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. எதற்காகக் குத்தகை என்று அந்த வரி சொல்லவில்லை. புகையிலை நடவும் ஒருவர் காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம். ஆயினும் சீதன உறுதி எழுதப்பட்ட காலத்திலேயே தவறணை வளவு என்று பெயர் பெற்றுவிட்ட ஒரு துண்டு நிலத்தை, அதற்குக் கிழக்கே குடியிருந்த ஒருவர், பனைகளை விட்டுவிட்டுப் புகையிலைக்காக எடுத்தார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது. அப்பம்மாவின் விவாகப் பதிவின் பிரதியும் அன்றே கைக்கு வந்தது. தகப்பனாரின் தொழில் என்ற கட்டத்தில் "கமம்" என்று இருந்தது. மாமி சொன்ன அதே சொல்.

வல்லை வெளியின் காற்றைக் கடந்து நெல்லியடிக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஊருக்கு ஓட்டோ பிடித்தேன். உறுதியில் எல்லையாகச் சொன்ன ஒழுங்கை இன்னும் இருக்கிறது. கிடுகு வேலிகள் தகரமாகவும் மதிலாகவும் மாறியிருக்கின்றன. ஒழுங்கை முடக்கில், மரம் ஏறுவதை நிறுத்திப் பல ஆண்டுகளான ஒரு முதியவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் அவருடைய பாதங்களின் உட்புறம், மரம் ஏறும்போது கால்களில் மாட்டும் தளநார் அழுத்திய இடத்தில் காய்த்துப்போயிருந்தது. அவரை "ஐயா" என்று கூப்பிட்டு நான் கதிரையில் அமர்ந்தபோது, இதே ஒழுங்கையில் என் முன்னோர் அவருடைய முன்னோரை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்ற நினைவு என்னைக் கூச வைத்தது.

"உந்தப் பக்கத்தைத் தவறணையடி எண்டுதான் நாங்கள் சொல்லுவம், பிள்ளை," என்றார் அவர். அவருக்கு நினைவு தெரிந்தபோதே அங்கே தவறணை இல்லை. அவருடைய இளமை மரவரிக் காலம்: மரத்துக்கு வரி கட்டி, மரத்தடியிலேயே கள்ளை விற்றார்கள். இப்போதுள்ள கூட்டுறவுச் சங்கத் தவறணைகள் 1970களில் வந்தவை. அப்படியானால் எங்கள் தவறணை மரவரிக்கும் முந்தியது. 1920களில் மதுவிலக்கு வாக்கெடுப்புகள் நடந்து நாட்டின் பல ஊர்களில் தவறணைகள் மூடப்பட்ட காலத்தோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

"என்ர அப்பு அங்கைதான் கள்ளுக் கொண்டுபோய்க் குடுத்தவர். உங்கட பூட்டன் முட்டியை வாங்கி மணந்து பார்ப்பாராம். மணந்தவுடனை இது விடியக் கள்ளோ, பின்னேரக் கள்ளோ, எந்த மரத்துக் கள்ளு எண்டு சொல்லிப்போடுவாராம். அளவிலை ஒரு பிளாக் கள்ளும் குறைச்சுக் கணக்கெழுத மாட்டார் எண்டு அப்பு சொல்லுவார்."

கணக்கெழுதியவர். ஆகவே மரம் ஏறியவர் அல்லர். ஏலத்தில் நின்ற பெரிய மனிதரும் அல்லர். இடையில் கொட்டிலுக்குள் இருந்தவர். முதியவரின் சொல், தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த சொல் மட்டுமே. கச்சேரித் தாளோ அனுமதிப் பத்திரமோ அதற்குத் துணையில்லை. ஆனாலும் குத்தகை வரியையும் எல்லையையும் இந்தச் சொல்லையும் ஒன்றாக வைக்கும்போது, விவாகப் பதிவில் உள்ள "கமம்" என்பதை இனி முழு உண்மையாக என்னால் ஏற்க முடியாது. மகளின் கலியாணத்தில் தவறணையைச் சொல்லக் கூசிய ஒரு குடும்பம் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறது. 1957ஆம் ஆண்டில் சாதித் தீண்டாமைக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போவதற்காகப் போராட வேண்டியிருந்த மண் இது. அந்தச் சாதி ஒழுங்கின் மேற்படிகளில் ஒன்றில் நின்றுகொண்டு கள்ளில் பிழைத்த ஒருவர், தன் பிழைப்பை மறைத்ததற்குப் பின்னால் இருந்த அச்சம் எனக்குப் புரிகிறது. கள் இறக்கிக் கொடுத்தவரின் பிள்ளைகள் அந்தத் தொழிலை மறைக்க வழியே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்பதும் இப்போது புரிகிறது. அந்த வேறுபாட்டை அவர்கள் திண்ணையில் இருந்தே நான் கேட்டறிந்ததை எழுதாமல் விட என்னால் முடியாது.

முதியவரின் பேரன் என்னை வளவுக்குக் கூட்டிச் சென்றார். கொட்டில் இருந்ததற்கு ஒரு தூண் அடையாளமும் இல்லை. ஏழெட்டுப் பனைகளும் நாயுருவிப் பற்றையும் பாழ்பட்ட ஒரு கிணறும் இருந்தன. கிணற்றடியில் கிடந்த ஒரு முட்டி ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாத அதை அங்கேயே வைத்தேன்.

மறுநாள் மாமி அப்பம் சுடுவதாகச் சொல்லி, மாவுக்கு விடுவதற்குச் சங்கத் தவறணையில் கள்ளு வாங்கி வரும்படி என்னை அனுப்பினார். போத்தலைக் கொடுத்தேன். மாமி மூடியைத் திறந்து ஒருமுறை மணந்தார். "தென்னங்கள்ளுக் கலந்திருக்கு. விடியக் கள்ளும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே மாவில் ஊற்றினார்.

இப்படிச் சொல்ல யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டேன். "அம்மாட்டைத்தான், வேறை ஆரிட்டை," என்றார். அம்மா யாரிடம் பழகினார் என்று நான் கேட்பதற்குள், அப்பச் சட்டி சூடேறிவிட்டதா என்று பார்க்க மாமி அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டார்.