கதிர் விடும் காலம் பார்த்துப் புல் விதைப்பது: ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு அனுபவம்

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பிழைப்புக்கு வேறு வேலை. மாலையிலும் வார இறுதியிலும்தான் பண்ணை. கட்டாடின் என்ற இனத்தைச் சேர்ந்த சில செம்மறிகள், இரண்டு கறிமாடுகள். பனிக்காலத் தீவனத்தை விலைக்கு வாங்காமல் சொந்த வயலிலேயே அறுத்துக் காயவைத்துக் கட்டிவைக்க வேண்டும், மிச்ச மாதங்களில் கால்நடைகள் மேய்ந்தே வயிறு நிரப்ப வேண்டும் என்பது திட்டம். அதற்காக மூன்று வயல்களிலும் சில ஆண்டுகளாகப் புல் மாற்றி விதைத்துப் பார்க்கிறேன். எது எங்கே நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

நம் ஊரில் தீவனப் புல் என்றால் கோ-4, கோ-5 கரணைகள்தான் நினைவுக்கு வரும். வெயில் ஏற ஏறத் தழைப்பவை அவை. இங்கே உள்ள குளிர்பருவப் புற்கள் நேர் எதிர். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் அவற்றுக்குப் பிடித்த வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி சுணங்கிவிடும். ஆண்டு விளைச்சலில் பாதிக்கு மேல் ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவுக்குள் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வயல் படுத்துக்கொள்ளும். மழை இருந்தால் செப்டம்பரில் மறுபடி எழும்.

இந்த வளர்ச்சிக் கணக்கு புரிந்தபின், விதைப் பட்டியலில் ஏக்கருக்கு எத்தனை டன் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். நான் முதலில் பார்ப்பது அந்தப் புல் எப்போது கதிர் விடும் என்பதைத்தான். புல்லின் சத்து தொண்டைக்கதிர் பருவம், அதாவது கதிர் வெளியே வராமல் இலையுறைக்குள் இருக்கும் பருவம் வரைக்கும்தான் நன்றாக இருக்கும். அதற்கப்புறம் தண்டு முற்றி நார் கூடும், புரதம் மளமளவென்று இறங்கும். அந்தச் சில நாட்களில் வானம் வெளுத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் மே மாதத்தில் மழை விட்டு விட்டுப் பெய்யும். மூன்று நாள் தொடர்ந்து வெயில் கிடைப்பதே அரிது. ஆக, மே தொடக்கத்தில் கதிர் தள்ளும் ரகம் எவ்வளவு விளைந்தாலும், முற்றிய பிறகுதான் அதை அறுக்க முடியும். முற்றிய புல்லை ஆடு கிளறிவிட்டுப் பாதியை மிதிக்கும்.

அதனால் உலர்புல்லுக்கு ஒதுக்கிய கிழக்கு வயலில் ஆர்ச்சர்டு புல்லில் பின்பருவ ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். முன்பருவ ரகங்களைவிட ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் தாமதமாகக் கதிர் விடும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மே கடைசியில் வெயில் கொஞ்சம் நிலைக்கிறது. அதோடு, பயறு வகைத் தீவனச் செடிகளான வெள்ளை குளோவர், சிவப்பு குளோவரோடு சேர்ந்து அறுவடைக்கு வரும். ஏக்கருக்கு 5 கிலோ விதை. ஆகஸ்ட் கடைசியில் விதைத்தேன். வசந்தத்தில் விதைத்தால் களை முந்திக்கொள்ளும், நாற்று வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும். விதை அரை அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. மண்ணின் கார அமில நிலை 6க்கு மேலே இருக்க வேண்டும் என்பதால் முந்தின ஆண்டே சுண்ணாம்பு இட்டிருந்தேன்.

ஆர்ச்சர்டு புல் தூர் கட்டி வளரும், அறுத்தால் வேகமாகத் துளிர்க்கும், ஆடும் மாடும் விரும்பித் தின்னும். அதன் பலவீனம் ஆயுள். இந்தப் பகுதியில் முன்பு பல ஆண்டுகள் நின்ற வயல்கள் இப்போது மூன்று நான்கு ஆண்டுகளிலேயே திட்டுத் திட்டாகக் காலியாகின்றன. வெப்பம், பில்பக் வண்டு, நோய், ஒட்ட அறுப்பது எல்லாம் சேர்ந்த விளைவு அது. நம் கையில் இருப்பது கடைசிக் காரணம் ஒன்றுதான். அடுத்த துளிருக்கான சேமிப்புச் சத்தை இந்தப் புல் வேரில் வைப்பதில்லை, அடித்தண்டில் வைக்கிறது. அதை வழித்து எடுத்துவிட்டால் எழுந்திருக்க வழியில்லை. நான் நான்கு அங்குலத்துக்குக் கீழே கத்தியை இறக்குவதில்லை. கட்டுப்போட வரும் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அறுக்கும் இயந்திரத்தின் அடியில் உயரம் கூட்டும் தகடு மாட்டவைக்கிறேன். நாலைந்து கட்டு குறைந்தால் குறையட்டும். அடிக்கட்டை உயர்ந்து நின்றால் அறுத்த புல் தரையில் படியாமல் அதன் மேலே கிடக்கும், காற்றுப் புகுந்து சீக்கிரம் காயும்.

புல்லைக் காயவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைப் புல்லில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். சின்னக் கட்டு என்றால் 20 சதவீதத்துக்குக் கீழும், உருளைக் கட்டு என்றால் 18க்குக் கீழும் இறங்கிய பிறகே கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சூடேறும். உள்வெப்பம் 65 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கொட்டகையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். தானாகவே தீப்பிடித்துக் கொட்டகையே எரிந்துபோவது உண்டு. கையால் முறுக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. வயலின் பல இடங்களில் எடுத்த புல்லை நறுக்கி, 100 கிராம் நிறுத்து, மைக்ரோவேவில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடாக்குவேன். எடை இதற்குமேல் குறையாது என்ற நிலையில் 82 கிராம் நின்றால் ஈரம் 18 சதவீதம். வீட்டில் மணம் பரவும், அவ்வளவுதான்.

டிமோதி புல்லையும் வடக்குச் சரிவில் ஒரு பட்டையாக விதைத்துப் பார்த்தேன். குதிரைக்காரர்கள் தேடி வாங்குவது இதைத்தான். ஜூனில்தான் கதிர் விடும், ஆக வெயில் கணக்குக்கு மிகச் சரி. முதல் அறுவடை பச்சை மாறாமல் அழகாக வந்தது. இரண்டாவது அறுவடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேலோட்டமான வேர், கோடை வறட்சியைத் தாங்காது. நியூயார்க், வெர்மான்ட் பக்கம் குளிர்ந்த மண்ணில் அது ராஜா. இங்கே மேட்டு நிலம் உள்ளவர்கள் விதைக்கலாம். பள்ளத்தாக்கின் அடியில் நான் இனி விதைக்கப் போவதில்லை.

இனி உயர் ஃபெஸ்க்யூ. இந்தப் பகுதியில் புல் என்றாலே பாதிக்கு மேல் இதுதான், அதனால் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்கஸ், 1931இல் மெனிஃபி கவுன்டியில் வில்லியம் சூட்டர் என்பவரின் மலைச்சரிவில் செழித்து நின்ற ஒரு புல்லிலிருந்து விதை எடுத்தார். அது 1943இல் கென்டக்கி 31 என்ற பெயரில் வெளியானது. வறட்சி, மிதி, பூச்சி, மோசமான மண் எதற்கும் அசராத புல், விவசாயிகள் அள்ளி விதைத்தார்கள். ஆனால் அதை மேய்ந்த மாடு கோடையில் மூச்சிரைத்துக்கொண்டு குட்டையில் போய் நின்றது, பழைய ரோமம் உதிரவில்லை, எடை ஏறவில்லை. குளிரில் சிலவற்றுக்குக் குளம்பே கழன்றது. காரணம் தெரிய 1977 ஆனது. சார்லஸ் பேக்கனும் அவர் குழுவினரும் ஜார்ஜியாவில் செய்த ஆய்வு, புல்லுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் வாழும் ஒரு பூஞ்சையைச் சுட்டிக்காட்டியது. அது சுரக்கும் எர்கோவலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, பால் சுரப்பதற்கான ஹார்மோனையும் குறைக்கிறது. அந்தப் பூஞ்சைதான் புல்லுக்கு உறுதியையும் தருகிறது. பூஞ்சை நீக்கிய விதையை விதைத்தவர்களின் வயல், நெருக்கிய மேய்ச்சலிலும் வறட்சியிலும் மெலிந்துபோனது.

எங்கள் மேற்கு வயல் முழுக்க இந்தப் பழைய புல்தான். சினைக் குதிரைக்கு உலர்புல் கேட்டு ஒருவர் வந்தார். சினையின் கடைசி மூன்று மாதம் இந்தப் புல் குதிரை வாயில் படவே கூடாது. பேறு தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துவிடும், மடியில் பால் இருக்காது. உலர்த்தினாலும் நச்சு முழுதாகப் போவதில்லை. மேற்கு வயல் கட்டுகளைத் தர மாட்டேன் என்று சொல்லி, ஆர்ச்சர்டு கட்டுகளை மட்டும் கொடுத்தேன். அப்புறம் தூர்களை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஏறக்குறைய எல்லாத் தூரிலும் பூஞ்சை இருந்தது.

அதனால் அந்த வயலை மாற்ற முடிவு செய்தேன். விலங்குக்குத் தீங்கு செய்யாத பூஞ்சையைச் சேர்த்த புது ஃபெஸ்க்யூ ரகங்கள் 2000 வாக்கிலிருந்து கிடைக்கின்றன. உறுதி அதேதான், நச்சு இல்லை. பார்வைக்குப் பழைய புல்லும் புதியதும் ஒன்று போலவே இருக்கும். பழையதில் ஒரு தூர் மிச்சமிருந்தாலும் பின்னால் பிரித்தறிய முடியாது என்பதால், அடியோடு ஒழித்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும். வசந்தத்தில் பழைய புல் கதிர் விடுமுன் களைக்கொல்லி, உடனே மேலே ஒரு கோடைப் பயிர், கோடை முடிவில் மறுபடி களைக்கொல்லி, அப்புறம் விதைப்பு. கோடைப் பயிராக நான் விதைத்தது கம்பு. ஜூலை வெயிலில் மற்ற வயல் எல்லாம் படுத்துக் கிடக்க, கம்பு ஆளுயரம் நின்றதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். மாடுகள் அதை மேய்ந்து தேறின. மண்ணில் கிடந்த பழைய விதைகளும் முளைத்து, நிழலில் ஒடுங்கின.

விதைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பூஞ்சை விதையோடுதான் பயணிக்கும், செடிக்குச் செடி தொற்றாது. வெப்பமான கொட்டகையில் ஓராண்டு கிடந்த விதையில் அது செத்துப்போயிருக்கும். விதை முளைக்கும், உறுதி வராது. அந்தப் பருவத்து விதையா என்று கேட்டு, சோதனைச் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். விலை அதிகம். ஏக்கருக்கு 9 கிலோ. முதல் ஆண்டில் லேசாகத்தான் மேய விட்டேன். கையால் இழுத்தால் வேரோடு வராத அளவுக்குப் பிடித்த பிறகே ஆடுகளை இறக்கினேன். பழைய புல்லில் கட்டிய கட்டுகளை அந்த வயலில் பிரித்துப் போடுவதே இல்லை. கதிரில் விதை இருக்கும்.

இந்த வயலுக்கு நான் வைத்திருக்கும் வேலை உலர்புல் அல்ல, பனிக்கால மேய்ச்சல். ஆகஸ்ட் நடுவில் கால்நடைகளை வெளியேற்றி, ஏக்கருக்கு 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தழைச்சத்து இட்டு, அப்படியே விட்டுவிடுவேன். ஃபெஸ்க்யூ இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் உறைபனியிலும் மற்ற புற்களைப்போல் கருகிச் சுருளாது. குளிரில் இலையில் சர்க்கரையும் கூடும். நவம்பர் கடைசியிலிருந்து மின்வேலிக் கம்பியை நகர்த்தி நகர்த்தி, ஓரிரு நாளுக்கு வேண்டிய பட்டையை மட்டும் திறக்கிறேன். உருக்குப் போன்ற தூர், ஈர மண்ணில் மாடு நடந்தாலும் கிழியாது. கட்டு பிரிப்பதைக் கிறிஸ்துமஸுக்குப் பின் தள்ளிப்போட முடிந்தது இதனால்தான். அறுத்து, காயவைத்து, கட்டி, அடுக்கி, மறுபடி தூக்கிவந்து போடும் வேலை அத்தனையையும் மாட்டின் வாயே மிச்சப்படுத்துகிறது.

மூன்றாவது வயலை உழவே இல்லை. சுண்ணாம்புப் பாறை மண், அதனால் கென்டக்கி புளூகிராஸும் வெள்ளை குளோவரும் தாமாகவே படர்ந்திருக்கின்றன. உலர்புல்லுக்கு உயரம் போதாது, செம்மறி மேய இதைவிட நல்லது வேண்டாம். பிப்ரவரியில் மண் இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் சிவப்பு குளோவர் விதையைக் கையால் தூவுகிறேன். மண்ணே வெடித்து விதையை உள்ளே வாங்கிக்கொள்ளும். வயலில் மூன்றில் ஒரு பங்கு குளோவர் நின்றால் தழைச்சத்து வாங்கும் செலவு பெரும்பாலும் மிச்சம்.

கிழக்கு வயலில் ஆர்ச்சர்டு புல் இப்போது இளைக்கத் தொடங்கியிருக்கிறது, வரப்பு ஓரங்களில் திட்டுகள் தெரிகின்றன. வரும் ஆகஸ்டில் அந்தத் திட்டுகளில் உழாமலே விதைப்பான் ஓட்டி, அதே பின்பருவ ரகத்தோடு புது ஃபெஸ்க்யூவையும் கொஞ்சம் கலந்து விதைக்கப் போகிறேன். ஃபெஸ்க்யூவிலும் பின்பருவ ரகமாகப் பார்த்தால்தான் இரண்டும் ஒன்றாக அறுவடைக்கு வரும். விதைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.