583

ஜனவரி 9
ஆக்னஸ் ரிஷ்டர் நூலால் எழுதி வைத்த ஜாக்கெட்டை நகலெடுக்கத் துணி வந்துவிட்டது. கெட்டி லினன். வெந்நீரில் முக்கி எடுத்ததும் முழத்துக்கு ஒரு விரற்கடை சுருங்கியது. தைத்த பிறகு நனைத்திருந்தால் எழுத்தைச் சுற்றித் துணி கொசகொசவென்று இழுத்துக்கொண்டிருக்கும். துணி சுருங்கும் அளவுக்கு நூல் சுருங்காது.

ஜனவரி 10
ஒரு சட்டைக் கை மட்டும்தான். முழு ஜாக்கெட்டை நகல் எடுக்கிற யோசனையை விட்டாயிற்று.

ஆக்னஸ் ரிஷ்டர், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தையற்காரி. 1895-ல் ஹூபர்டஸ்பர்க் மனநோய் விடுதிக்குக் கொண்டுவரப்பட்டாள், 1918-ல் அங்கேயே இறந்தாள். ஜாக்கெட் இருப்பது ஹைடல்பர்க், பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில், மனநோய் விடுதிகளில் இருந்தவர்கள் செய்தவற்றைச் சேர்த்து வைத்திருக்கிற இடம். 'தையற்காரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லாரும் எழுத்துக்குத் தாவிவிடுகிறார்கள். விடுதித் துணியை வெட்டி, தன் உடம்பளவுக்குப் பிடித்துத் தைத்ததும் அவள்தானே. வியர்வைக் கறை இருக்கிறது. மாட்டி வைக்கத் தைத்ததல்ல, போட்டுக்கொள்ளத் தைத்தது.

ஜனவரி 12
இங்கே மனநல விடுதியில் பார்வை நேரம் 4 முதல் 5. ஊசியையும் கத்தரியையும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகணும்.

ஜனவரி 13
நாள் முழுக்க 'உ' சத்தத்துக்கான ஒற்றை எழுத்தோடு மல்லுக்கட்டல்.

அவள் எழுதியது பழைய ஜெர்மன் கையெழுத்து, குர்ரென்ட். அதில் எல்லாம் மேலும் கீழும் போகிற கோடுதான், ரம்பப் பல் மாதிரி. 'என்'னும் (n) 'யு'வும் (u) ஒரே உருவம். 'யு'வின் தலைக்கு மேல் சின்ன வளைவு ஒன்று வரும், வித்தியாசம் அவ்வளவுதான். 'ஈ'யும் (e) இவற்றுக்குத் தங்கைதான், கொஞ்சம் ஒடுக்கம். பேனாவில் எழுதினால் இறங்கும் கோடு தடிமனாகவும் ஏறும் கோடு மெலிசாகவும் இருக்கும், கண் அதைப் பிடித்துக்கொண்டு படிக்கும். நூலுக்கு ஒரே தடிமன். பாதித் துப்பு அங்கேயே போயிற்று.

இரண்டு இழை, ஒரு தையல் 2 மில்லிமீட்டர், எழுத்து உயரம் 6. ஒரு கோட்டுக்கு மூன்று தையல், எழுத்துக்குப் பன்னிரண்டு. மேல் வளைவுக்கு இரண்டே தையல். உரசி அந்த இரண்டும் அறுந்தால் 'யு' போய் 'என்' ஆகிவிடும், சொல்லே மாறிவிடும். ஜாக்கெட்டில் பெரும்பகுதியை யாராலும் படிக்க முடியவில்லை என்றால் உடனே மூளைக் கோளாறு என்கிறார்கள். இரண்டு தையல் அறுந்ததை யார் எண்ணினார்கள்?

ஜனவரி 14
இன்னும் 'யு'.

ஜனவரி 17
சட்டைக் கையை மூட்டிவிட்ட பிறகு எம்பிராய்டரி செய்தால் ஃப்ரேம் நுழையாது. கையில் பிடித்தே போடணும். அடித் துணியையும் ஊசி சேர்த்துக் குத்திவிடும். நாலு அங்குலம் தைத்துவிட்டு கையை நுழைத்தால் கதவு சாத்தியிருக்கிறது! பிரித்தேன். தபால் அட்டையைச் சுருட்டி உள்ளே விட்டதும் சரியாயிற்று. மூட்டின் மேல் நாலு மடிப்பு, 7-ஆம் நம்பர் ஊசி வளைந்தது. அங்குஸ்தான் (விரலில் மாட்டும் தையல் உறை) இல்லாமல் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

ஜனவரி 18
சிவப்பு சாயம் இறங்கியது. வினிகர், உப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், ஆலைச் சாயத்தை அது கட்டாது. காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்கணும். காய்ந்தால் கறை நிலைத்துவிடும். தைக்கும் முன்பே ஈர வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பார்த்திருக்கலாம். புத்தி பிந்தி வந்தது.

ஜனவரி 22
உள்பக்கம். திரும்பத் திரும்ப அதே இடம்தான்.

அவள் எழுத்து உள்ளேயும் இருக்கிறது, உடம்பில் படும் பக்கம். ஒற்றைத் துணியில் பின் தையல் (பேக் ஸ்டிச்) போட்டால் முன்னால் சீரான கோடு, பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கயிறு மாதிரி காம்புத் தையல், எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறி. ஆக, எந்தப் பக்கம் நேராகப் படிக்க முடிகிறதோ அந்தப் பக்கத்தைத் தன் முகத்துக்குக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். உள்பக்கம் நேராக வரணுமென்றால் ஜாக்கெட்டைப் புரட்டிப் போட்டுத்தான் தைக்கணும். தவறுதலாக நடக்கிற காரியமில்லை அது.

படிக்க முடிந்தவை: நான். என் ஜாக்கெட். என் வெள்ளைக் காலுறை. ஹூபர்டஸ்பர்க், தரைத்தளம். 583.

ஜனவரி 23
நான் பார்க்கப் போகிறவர் இன்று பேசவில்லை. ஒரு மணி நேரம் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டு.

ஜனவரி 25
பிரேசிலில், ரியோவின் கொலோனியா ஜூலியானோ மொரேரா மனநோய் விடுதியில் இருந்த பிஸ்போ டொ ரொசாரியோவும் அங்கியின் உள்பக்கத்தில்தான் ஆட்களின் பெயர்களைத் தைத்தார். நூலுக்கு விடுதியின் நீலச் சீருடையைப் பிரித்தார். பழைய துணியில் அப்படி இழை உருவிப் பார்த்தேன். சேமியா மாதிரி நெளிநெளியாக வருகிறது, காதில் கோத்த இடத்தில் அறுகிறது. நனைத்து அட்டையில் இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் நெளிவு போகும். தேன்மெழுகில் ஒரு இழுப்பு. முழத்துக்கு மேல் கோத்தால் துணிக்குள் போய்ப்போய் வரும்போதே தேய்ந்து பஞ்சாகும்.

ஜனவரி 29
583 சலவை எண். எந்தத் துணி யாருடையது என்று பிரிக்க விடுதி போட்டது. அதையும் அவள் 'நான்' எழுதிய அதே நூலில், அதே கையால் எழுதியிருக்கிறாள். திரும்பத் திரும்ப. ஏற்கெனவே எண் இருக்கிற துணியில் எண்ணை எதற்கு இன்னொரு தடவை?

ஜனவரி 30
இங்கே விடுதியில் இருப்பவர்கள் சட்டைக் காலரிலும் மார்க்கர் பேனாவில் ஒரு எண். இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 2
5 முடிந்தது. 8-க்கு நடுவில் கோடு குறுக்கே வெட்டும் இடத்தில் நூல் புடைக்கிறது. பிரித்து, ஒரு இழையில்