மழைக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை: வேளச்சேரி நாட்குறிப்பு

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐப்பசி மழைக்கு முன்னால் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தண்ணீர் இறைக்க ஒரு டீசல் மோட்டார் வாங்குகிறோம். அதை எங்கே வைப்பது என்று காலையிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சார் "என் வீட்டு வாசல்தான் கிடைத்ததா?" என்று எழுதினார். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவு நான் போன் போட்டேன். "அட, கேலியா கேட்டேன்ப்பா, தாராளமா வைங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எழுத்தில் வரவில்லை. 1976இல் ஜான் ஷார்ட், எடரின் வில்லியம்ஸ், புரூஸ் கிறிஸ்டி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் 'சமூக இருப்பு' என்ற பெயரில் விளக்கினார்கள். எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்ற உணர்வை எல்லா ஊடகமும் ஒரே அளவில் தருவதில்லை. முகமும் குரலும் விலக விலக அந்த ஆளும் மங்கிப்போகிறார்.

செப்டம்பர் 10, புதன்

எல்லோரையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்தோம். சீக்கிரமே முடிவாகிவிட்டது: மோட்டார் சார் வீட்டு வாசலில். டீசல் செலவு வீட்டுக்கு வீடு பங்கு. நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் கடைசி வீட்டுத் தையல்கார அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். நேற்று அழைப்பில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "தம்பி, மிக்ஜாம் புயல் அப்போ தண்ணி ரோட்டுப் பக்கமா வரலை. பின்னாடி வடிகால்ல இருந்து எதிர்த்து ஏறிச்சு. சார் வாசல்தான் முதல்ல முழுகிச்சு. அவங்க அப்போ மக வீட்ல இருந்தாங்க."

தெருவிலேயே அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. குழுவாகப் பேசும்போது எல்லோருக்கும் தெரிந்ததே திரும்பத் திரும்ப வரும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அமுங்கிவிடும் என்று 1985இலேயே ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். குரல் ஓங்கியவர்கள் நிறைந்த அழைப்பில் அக்காவுக்கு இடமே இல்லை. யாரும் குறுக்கே பேசாத வாய்ஸ் நோட்டில் அவரால் நிதானமாகச் சொல்ல முடிந்தது. எல்லோரும் கூடிப் பேசினால்தான் வேலை நடக்கும் என்று அடித்துச் சொல்பவர்களோடு இதனால்தான் எனக்கு முழு உடன்பாடில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்காவின் வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டு எல்லோரும் தெருவில் இறங்கி நடந்தோம். சார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் 2023 மிக்ஜாம் தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது: பழுப்பு நிறம், மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே. சார் அதில் கை வைத்துப் பார்த்தார். "அக்கா சொல்றதுதான் சரி" என்றார். மேட்டிலிருக்கும் அடுக்ககத்தின் படிக்கட்டடியை யாரோ காட்டினார்கள். மோட்டார் அங்கேதான் என்று முடிவானது.

புது யோசனைகள் இப்படி நின்று பேசும்போது வருவதில் ஆச்சரியமில்லை. புருக்ஸ், லெவாவ் என்ற ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ அழைப்பில் பேசிய ஜோடிகளுக்கு நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே வந்தன. கண் திரையிலேயே குத்திட்டு நிற்பதால் சிந்தனையும் குறுகிவிடுகிறது என்கிறார்கள். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோக்காரர்கள் பின்தங்கவில்லை. ஆகவே விலைப் பட்டியலை ஒப்பிட்டு மோட்டாரைத் தேர்வு செய்வதற்கு வீடியோ அழைப்பே போதும் என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மோட்டார் வந்துவிட்டது. குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கணக்கும் பட்டியலும் எழுத்தில். மனத்தாங்கல் என்றால் உடனே போன். எந்த முடிவுக்கும் முந்தைய நாள், பேசாதவர்களிடம் தனியாக ஒரு வாய்ஸ் நோட் கேட்பது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. 2015இலும் 2023இலும் கரண்ட் போய், சிக்னலும் போனது. அப்போது இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. எந்த வீட்டுக் கதவை யார் போய்த் தட்டுவது என்று காகிதத்தில் எழுதி, ஆவின் பூத்தில் ஒட்டக் கேட்டிருக்கிறோம். கடைசி வீட்டு வரிசைக்கு அக்காவே பெயர் கொடுத்துவிட்டார்.