வக்கீல் தொழிலில் என் மூன்று வருட வரவு செலவு

வக்கீலாகப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டில் வரவு செலவு எழுதி வருகிறேன். முதல் ஆறு பக்கங்களில் வரவுப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஏழாவது பக்கத்தில்தான் “சீனியர், தீபாவளிக்கு, 1,000” என்று ஒரு வரி வரும், நான் தொழில் பழகப் போன வக்கீல் கொடுத்தது. “லா படிச்சா துட்டு வருமா?” என்று சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பாக்கள் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. நோட்டைப் பார்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. பி.காம். முடித்துவிட்டு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வீட்டுக் கடன் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். 2018-ல் சம்பளம் 18,500. கடன் கொடுக்கும் முன் சொத்துப் பத்திரங்களை வக்கீலுக்கு அனுப்பி லீகல் ஒப்பீனியன், அதாவது சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா என்ற அறிக்கை, வாங்குவோம். மூன்று நான்கு பக்கம் வரும், அதற்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுப்போம். வருகிற அறிக்கையில் விட்டுப்போன பத்திரத்தை நான்தான் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். இதை நாமே எழுதினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. நீதி, நியாயம் என்றெல்லாம் யோசித்து நான் சட்டம் படிக்கப் போகவில்லை. அந்த இரண்டாயிரம் ரூபாய்தான் இழுத்தது.

பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருடச் சட்டப் படிப்பு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் தருவார்கள். தினமும் போய் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். தபாலில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது. வேற்று மாநிலத்தில் பணம் கட்டினால் போதும், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஒருவர் எனக்கும் ஆசை காட்டினார். அந்தப் பக்கம் போகாதது நான் செய்த சில புத்திசாலித்தனங்களில் ஒன்று. அரசுக் கல்லூரியில் மூன்று வருடமும் கட்டிய பணம் ஒரு நல்ல செல்போன் விலைக்குள் அடங்கிவிட்டது. விட்டுவிட்டு வந்த சம்பளம்தான் உண்மையான ஃபீஸ். கடைசி வருடம் முழுக்கக் கொரோனா, பாடமெல்லாம் செல்போனில்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2022-ல் பதிவு. வக்கீல் சட்டம் 1961-ன்படி பதிவுக் கட்டணம் மொத்தம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. ஆனால் நாடு முழுக்கவே அது இது என்று பல ஆயிரம் கட்டும் வழக்கம் இருந்தது, நானும் கட்டினேன். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இனிமேல் வாங்கக் கூடாதாம், ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லையாம். நோட்டில் அந்தச் செலவுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இப்போது வருகிறவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வக்கீல் தொழில் செய்யக் கூடாது. “பகலில் ஆபீஸ், நடுநடுவே கோர்ட்” என்ற கணக்கு நடக்காது. வருமானம் குறைந்த குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருடத்துக்கு மாதம் 3,000 ரூபாய் தரும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. என் கணவருக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது, அதனால் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது இல்லையென்றால் நான் ஆறாவது மாதமே பழைய வேலைக்குத் திரும்பியிருப்பேன்.

பதிவுக்கு அப்புறம், புது வக்கீல்கள் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு. 2023 பிப்ரவரி 5 அன்று எழுதினேன். நூறு கேள்விகள், குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம், தமிழிலும் எழுதலாம். புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இதற்காகக் கோச்சிங் போய்ப் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

நிஜமான படிப்பு சீனியர் ஆபீஸில் ஆரம்பித்தது. அவர் சிவில் கேஸில் கெட்டிக்காரர். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காலை ஒன்பதுக்கு ஆபீஸ், பத்தரைக்குக் கோர்ட். பாதி நாள் என் வேலை, கேஸைக் கூப்பிடும்போது எழுந்து நின்று, “சீனியர் சப் கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும்” என்று சொல்வது, அதாவது கேஸைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது. மீதி நேரம் வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, கேஸ் கட்டுத் தூக்குவது. பெட்ரோலுக்கு என்று எப்போதாவது இருநூறு ரூபாய் வரும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தது குமாஸ்தா அண்ணாச்சி. பிராது தாக்கல் செய்தால் என்னென்ன குறைக்கு ரிட்டர்ன் போடுவார்கள், நகல் மனு என்றைக்குப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும், கேஸ் நம்பர் ஆக எந்த மேசையில் போய் நிற்க வேண்டும், இதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஒரு நாள் சத்தமாக வாதாடிவிட்டு மிதப்போடு வெளியே வந்தேன். அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, “ஏம்மா, நீ பேசுறதுக்கு எவனும் துட்டு தரமாட்டான். பேப்பரு நகரணும், அதுக்குத்தான் துட்டு” என்றார்.

எனக்கென்று வந்த முதல் கேஸ் ஒரு செக் பவுன்ஸ். கடலை மிட்டாய்க்கு அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவருக்கு ஒரு கடைக்காரர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். தேதியைத் தவறவிட்டால் கேஸ் போச்சு. பழைய வேலையில் இந்தத் தேதிகளோடேயே குடித்தனம் நடத்தியவள் என்பதால் கை நடுங்கவில்லை. ஃபீஸ் 8,000 பேசினேன், 3,000 வந்தது. மூன்றாவது வாய்தாவுக்கு முன்பே இரண்டு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டன. அப்புறம் கட்சிக்காரர், அதாவது எனக்குக் கேஸ் கொடுத்தவர், என் போனை எடுக்கவே இல்லை. அண்ணாச்சியிடம் புலம்பினேன். “கேஸ் முடிஞ்ச பொறவு கட்சிக்காரனுக்கு வக்கீல் மூஞ்சி மறந்து போவும். நோட்டீஸ் எழுதும்போதே வாங்கிரணும்மா” என்றார். நோட்டில் அந்த 5,000 இன்னும் “வர வேண்டியது” என்றுதான் இருக்கிறது.

நடுவில் சிவில் நீதிபதித் தேர்வும் எழுதினேன். 2023-ல் டிஎன்பிஎஸ்சி 245 இடங்களுக்கு அறிவித்தது. தொடக்க அடிப்படைச் சம்பளமே 77,840 என்பதால் கோர்ட்டில் இருந்த ஜூனியர்கள் பாதிப் பேர் படித்தோம். முதல்நிலையில் தேறினேன். மெயினில் மொழிபெயர்ப்புத் தாள் நன்றாக வந்தது. தீர்ப்பு எழுதுவதில் கோட்டைவிட்டேன். அப்போது படிப்பு முடித்த கையோடு எழுதலாம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று வருடத் தொழில் அனுபவம் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நீதிபதி வேலையை நம்பிச் சட்டம் படிக்கிறவர்கள், சம்பளம் இல்லாத அந்த மூன்று வருடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் வந்தது நான் முதலில் ஆசைப்பட்ட வழியில்தான், கொஞ்சம் தாமதமாக. பெரிய வங்கிகளின் பேனலில், அதாவது அவர்களுடைய வக்கீல் பட்டியலில், சேர வருடக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள். ஆனால் என் பழைய மேனேஜர் வேறொரு சின்ன நிறுவனத்துக்குப் போயிருந்தார். 2023 கடைசியில் போன் செய்து, “உன் கண்ணுல தப்பு தப்பாது, பார்த்துக் கொடு” என்றார். ஒப்பீனியனுக்கு 1,500.

மூன்றாவதாக வந்த கோப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து 2012-ல் விற்ற வீடு. வாங்கியவர் பெயரில் பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் பக்கா. வில்லங்கச் சான்றிதழும் சுத்தம். மூலப்பத்திரம் அவர்கள் அப்பா பெயரில் இருந்தது, சொந்தச் சம்பாத்தியம், 1998-ல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றிதழ் கோப்பில் இல்லை. கேட்டேன். இரண்டு வாரம் இழுத்தடித்துக் கொண்டுவந்தார்கள். அதில் அண்ணன் தம்பிக்கு நடுவே ஒரு சகோதரி இருந்தார். பெண்களுக்குச் சொத்து என்றதும் எல்லோரும் பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்ற 2005 திருத்தம், அதைப் பற்றி 2020-ல் வந்த வினீதா சர்மா தீர்ப்பு என்பார்கள். இதற்கு அதெல்லாம் வேண்டியதே இல்லை. உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. அம்மா முன்பே இறந்துவிட்டதால் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சகோதரிக்கு. அவர் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் இல்லை.

அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் ஒப்பீனியன் தர முடியாது என்று எழுதினேன். புரோக்கர் ஆபீஸுக்கே வந்து, “மேடம், பட்டா இருக்கு, வேறென்ன வேணும்? வேற வக்கீல்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரு” என்று கத்தினார். அந்த 1,500 அன்றைக்கு எனக்குத் தேவைதான். இருந்தாலும் பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்பதை அவருக்கு மூன்று தடவை சொன்னேன். கடைசியில் சகோதரியைத் தேடிப் போய், அவர் கேட்ட தொகையைக் கொடுத்து, பதிவு செய்துகொண்டு வந்தார்கள். மேனேஜர் அப்புறம் அந்தக் கிளையின் கோப்புகள் எல்லாவற்றையும் எனக்கே அனுப்ப ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் புரோக்கரே இப்போது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஆட்களை என்னிடம் கூட்டி வருகிறார்.

வருடக் கணக்கு இது. முதல் வருடம் 38,400. இரண்டாவது வருடம் 1,64,000. மூன்றாவது வருடம் 3,12,000. இந்த மூன்று லட்சத்தில் கோர்ட்டில் நின்று சம்பாதித்தது தொண்ணூறாயிரம்கூட இல்லை. மீதி ஒப்பீனியனும் பத்திரம் எழுதியதும். நான் விட்ட நாற்காலியில் இருக்கும் தோழிக்கு இப்போது 27,000 சம்பளம், பி.எஃப். தனி. வருடத்துக்கு 3,24,000. ஏழு வருடம் ஓடி இப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். இடையில் விட்டதைக் கூட்டினால் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது. செலவுப் பக்கத்தில் ஒரு கொசுறு: 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில், கடன் வாங்கிச் சேர்த்த குற்றவியல் புத்தகங்கள் பாதிக்குப் பாதி வீண். மோசடிக்கான 420-ஐ இன்னும் கட்சிக்காரர்களிடம் 318(4) என்று சொல்ல நாக்கு வருவதில்லை, சொன்னாலும் அவர்களுக்குப் புரிவதில்லை.

தேசிய சட்டப் பள்ளிகளில் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து, பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களில் எடுத்ததுமே மாதம் லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு வருடத்துக்கே லட்சக்கணக்கில் ஆகும். பட்டத்தின் பெயரைத் தவிர அவர்கள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் பெரிதாக ஒட்டுறவு கிடையாது. அவர்கள் சம்பளத்தைக் காட்டி ஊர்ப்பக்கத்துப் பிள்ளையை அரசு சட்டக் கல்லூரியில் சேர்க்கும் அப்பாக்களிடம், முதல் நாலு வருடச் சாப்பாட்டுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். இருக்கிறது என்றால் சேருங்கள். ஏற்கெனவே கணக்கு, நிலம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு வேலை தெரிந்தவர்கள் என்றால் இன்னும் தைரியமாகச் சேரலாம்.

நான் திரும்பப் போவேனா என்று கணவர் கேட்டார். போக மாட்டேன். காலையில் யாருக்கும் வருகைப் பதிவு வைக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு விலை போடத் தெரியவில்லை, அதனால் அது நோட்டில் இல்லை.

போன வாரம் ஒரு பெண் ஜூனியராகச் சேர வந்தாள். இந்த வருடம்தான் முடித்திருக்கிறாள், பஸ்ஸில் வர வேண்டும், அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கூலி. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000, சென்னை, மதுரை, கோவையில் 20,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. என் மாத வரவே 26,000. “எவ்வளவு தருவீங்க மேடம்?” என்று அவள் கேட்டுவிட்டாள். நான் சீனியரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பினேன். செலவுப் பக்கத்தில் பென்சிலில் 5,000 என்று எழுதி, அழித்து, 6,000 என்று எழுதி வைத்திருக்கிறேன்.