மரம் அறுக்கிற மெஷினில் அலுமினியம் அறுப்பவர்களுக்கு

வேலூர் பக்கம் இப்போது எந்த மர வேலையை ஒப்புக்கொண்டாலும் கூடவே கொஞ்சம் அலுமினியமும் வந்துவிடுகிறது. கிச்சனுக்கு புரொஃபைல் ஹேண்டில், வார்ட்ரோபுக்கு கண்ணாடிக் கதவு ஃப்ரேம், ஜன்னலுக்குக் கொசுவலை. இந்தச் சின்ன வேலைக்கு ஃபேப்ரிகேஷன்காரரைக் கூப்பிட்டுக் காத்திருக்க முடியாது என்று நம் ஆட்களே மரம் அறுக்கிற மெஷினில் வைத்து அறுத்துவிடுகிறார்கள். காட்பாடியில் என் பட்டறைக்கு வந்துபோகும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "இன்னாண்ணா, மரத்துப் பிளேடுல அலுமினியம் வுட்டா பல்லு பூடுமா?"

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த நல்ல பிளேடாக இருந்தால் பல் போகாது. அவர் பல்லைப் பற்றிக் கேட்டார், எனக்கு அவர் விரலைப் பற்றித்தான் கவலை.

மரத்தில் பல் இறங்கினால் நார் அறுந்து தூளாக வெளியே வந்துவிடும். அலுமினியம் அப்படி இல்லை. மிருதுவான உலோகம், சூடு ஏறினால் இளகி பல் நுனியில் அப்பிக்கொள்ளும். அப்பிய பல் வெட்டாது, தேய்க்கும், தேய்க்கத் தேய்க்க இன்னும் சூடாகும், கடைசியில் பிளேடு வெட்டுவதை விட்டுவிட்டு பீஸையே பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் பல் நுனி விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் இழுக்கிற பீஸைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

அதனால் முதல் விஷயம் கிளாம்ப். மரச் சட்டத்தை மைட்டர் சாவில் (பிளேடு மேலிருந்து இறங்கி அறுக்கும் மெஷின்) இடது கையால் அழுத்திக்கொண்டு அறுக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, அலுமினியத்துக்கு அந்தப் பழக்கம் உதவாது. எவ்வளவு சின்ன பீஸாக இருந்தாலும் கிளாம்ப் போட்டே ஆகவேண்டும். கொசுவலை ஃப்ரேமுக்கு வரும் பாக்ஸ் செக்ஷன் (நாலு பக்கமும் மூடிய சட்டம்), சேனல் (ஒரு பக்கம் திறந்த சட்டம்) எல்லாம் சுவர் மெல்லிசு. வெறுமனே அழுத்தினால் நசுங்கும், தளர்வாக விட்டால் அதிரும். அதன் உள்ளளவுக்குச் சரியாக ஒரு மரத்துண்டைச் சீவி, அறுக்கும் இடத்தில் உள்ளே செருகி, அதோடு சேர்த்து கிளாம்ப் போட்டு அறுத்துப் பாருங்கள். சத்தமும் குறையும், வெட்டு முகத்தில் பிசிறும் அதிகம் வராது. எல் ஆங்கிளாக இருந்தால் தட்டையாகப் படுக்க வைக்காமல், இரண்டு விளிம்பும் கீழே ஊன்றி முதுகு மேலே வரும்படி, அடியில் மரக்கட்டை கொடுத்து வையுங்கள். அப்புறம், அளவுக்காக ஸ்டாப்பர் வைப்பவர்கள் அதை கிளாம்ப் போட்ட பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டும். அறுந்து விழும் துண்டின் பக்கம் வைத்தால் துண்டு போக இடமில்லாமல் பிளேடுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் மாட்டித் தெறிக்கும். அறுத்து முடித்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகுதான் மெஷினின் தலையைத் தூக்கவேண்டும்.

பிளேடு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் 'அலுமினியம் பிளேடு' என்றே கேளுங்கள், கொடுப்பார்கள். 10 அங்குலத்துக்கு 80 அல்லது 100 பல் இருக்கவேண்டும். 40 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 2 செ.மீ. இடைவெளி, மெல்லிய செக்ஷனில் ஒவ்வொரு பல்லும் பெரிய கடியாகக் கடிக்கும். பல்லின் சாய்வையும் பாருங்கள். நடுத்துளையிலிருந்து பல் நுனிக்கு ஒரு ஸ்கேலை வைத்தால், மரத்தை நீளவாக்கில் கிழிக்கிற பிளேடில் நுனி சுற்றும் திசையில் 15, 20 டிகிரி முன்னால் குனிந்திருக்கும், அதுதான் பீஸை இழுத்துக்கொண்டு போவது. அலுமினியம் பிளேடில் நுனி ஸ்கேலை ஒட்டியோ ஒரு 5 டிகிரி பின்னால் சாய்ந்தோ இருக்கும். பல் வடிவமும் மாறி மாறி வரும், ஒரு பல் இரண்டு மூலையும் மழுங்கி நடுவை வெட்டும், அடுத்த தட்டைப் பல் ஓரங்களைச் சுத்தம் செய்யும். பல் அப்பிக்கொள்ளாமல் இருக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். சிலர் மண்ணெண்ணெய் விடுவார்கள். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி விடுகிற மெஷின், சுற்றிலும் மரத்தூள், அங்கே மண்ணெண்ணெயை என் பட்டறையில் நான் அனுமதிப்பதில்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. 4 அங்குல கிரைண்டரில் கார்டை (சக்கரத்தை மறைக்கும் காப்புத் தகடு) கழற்றிவிட்டு மரத்துப் பிளேடை மாட்டி, ஒரு கையில் மெஷின் ஒரு கையில் அலுமினியம் என்று சைட்டில் அறுக்கிறார்கள். கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. பல் மாட்டினால் மெஷின் துள்ளி உங்கள் மேல்தான் வரும், பல மெஷின்களில் தள்ளும் ஸ்விட்ச் என்பதால் கையை விட்டு விழுந்தாலும் நிற்காது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு அறுக்கிற கல் சக்கரமும் சரிப்படாது, அலுமினியம் அந்தக் கல்லில் அடைத்துக்கொண்டு சூடேறும், சக்கரமே உடையலாம். கிரைண்டரில்தான் ஆகவேண்டும் என்றால் அலுமினியத்துக்கென்று எழுதியிருக்கும் சக்கரம், கார்டோடு.

சீவல் ஊசி மாதிரி வரும், சூடாகவும் வரும். வெயிலுக்கு குடியாத்தம் லுங்கியும் ரப்பர் செருப்புமாக நிற்பதுதான் நம் ஊர் வழக்கம், ஆனால் அலுமினியம் அறுக்கும் அந்த அரை மணி நேரம் பேன்ட், ஷூ போடுங்கள், தோள் துண்டை எடுத்துவிடுங்கள், பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி போடுங்கள். சுற்றும் பிளேடு பக்கத்தில் கையுறை வேண்டாம், அது மாட்டினால் கையையும் இழுக்கும். கண்ணில் சீவல் விழுந்தால் இரும்புத்தூளுக்குச் செய்கிற மாதிரி காந்தத்தைக் காட்டி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. தேய்க்காமல் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

அந்தக் காந்தத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜன்னலில் கழற்றிய செக்ஷனை அறுப்பதற்கு முன் அதன் மேல் ஓட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் இரும்பு ஸ்க்ரூ தெரிந்துவிடும். கார்பைடு பல் அந்த ஸ்க்ரூவில் பட்டால் உடைந்து தெறிக்கும்.

மெஷினின் தூசிப் பையைக் கழற்றிவிட்டு, மரத்தூளைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு ஆரம்பியுங்கள், சூடான சீவல் மரத்தூள் பைக்குள் போகக்கூடாது. முடிந்ததும் மேஜையையும் ஃபென்ஸையும் (பீஸைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பு) துணியால் துடைத்துவிட்டு அப்புறம்தான் லேமினேட் போட்ட பலகையை வைக்கவேண்டும், ஒரு சீவல் கிடந்தாலும் கீறிவிடும். கூட்டிய சீவலில் மரத்தூள் கலக்காமல் இருந்தால் பழைய சாமான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.